கேமரா பையும் எட்டு முழ வேட்டியும்

போன ஞாயிறு காலை, இருக்கிற மாவு எல்லோருக்கும் போதுமா என்று எங்கள் வீட்டில் வாக்குவாதம் நடந்துகொண்டிருந்த நேரத்தில் நிவேதா வந்து நின்றாள். என் நண்பன் முரளியின் தங்கை செல்வி. செல்வியின் மகள் இவள். கல்லூரியில் இரண்டாம் வருடம். பூந்தமல்லியிலிருந்து இரண்டு வண்டி மாறிக் கோவில்பதாகை வரைக்கும் வந்திருக்கிறாள் என்றால் விஷயம் இல்லாமல் இருக்காது. தோளில் புத்தம் புதுக் கேமரா. உள்ளே வந்ததும் அதைக் கழற்றி, கைக்குழந்தையைக் கிடத்துவதுபோல் சோபாவில் மெல்ல வைத்தாள்.

"மாமா, கேமரா வந்துட்சி. இனிமேதான் மெயின் மேட்டரே. இதெல்லாம் வாங்கணுமாம்" என்று போனை நீட்டினாள்.

ஏதோ வீடியோவைப் பார்த்து எழுதிய பட்டியல். புதிதாகப் படம் எடுக்கக் கிளம்புகிறவர்களிடம் கட்டாயம் இருக்க வேண்டியவை என்று பதினெட்டு அயிட்டம். பை, டிரைபாட், யு.வி. ஃபில்டர், லென்ஸ் ஹூட், துடைக்கிற சாமான்கள், உபரி பேட்டரி, உபரி மெமரி கார்டு, ரிஃப்ளெக்டர் என்று போய்க்கொண்டே இருந்தது. எனக்குக் கல்யாணமானபோது வந்த சீர்வரிசைப் பட்டியல்கூட இதைவிடச் சின்னது.

"உன் மாமனைக் கேக்க வேண்டியதுதானே?" என்றேன்.

"முரளி மாமாவக் கேட்டா, 'எத வேணா ஆர்டர் போடு, எப்டியும் எங்க குடோன் வழியாத்தான் வரும்'னு சிரிக்குது."

உண்மைதான். செம்பரம்பாக்கம் பக்கம் ஒரு பெரிய குடோனில் முரளி இப்போது சூப்பர்வைசர். நாடு முழுக்க யார் யாரோ வாங்குகிற டிரைபாடும் கேமரா பையும் அவன் கண் முன்னால் பெல்ட்டில் ஓடுகின்றன. ஒரு காலத்தில் அதில் ஒவ்வொன்றையும் வாங்க நானும் அவனும் எத்தனை நாள் பேசித் தீர்த்திருப்போம்!

பட்டியலைப் படித்து முடிப்பதற்குள் நிவேதா இரண்டாவது விஷயத்துக்கு வந்தாள். குரல் இறங்கிவிட்டது.

"அம்மா இன்னொண்ணு சொல்லுச்சு மாமா. உங்களாண்ட அந்தப் பழைய கேமரா பேக் கீதாமே. அதுல ஆயா போட்டோ எதுனா கீதான்னு பாக்கச் சொல்லுச்சு. ஒண்ணே ஒண்ணு இருந்தாகூடப் போதுமாம்."

அவள் ஆயா என்று சொன்னது அஞ்சலையம்மாவை. முரளிக்கும் செல்விக்கும் அம்மா. போன ஆடியில் போய்ச் சேர்ந்தார். அவருடைய படம் அந்தப் பையில் இருக்காது என்று எனக்கு நன்றாகத் தெரியும். எடுத்திருந்தால்தானே இருப்பதற்கு? ஆனால் இரண்டு வண்டி மாறி வந்த பெண்ணிடம் அதை எப்படிச் சொல்வது? "பாக்கலாம் வா" என்று ஸ்டூலைப் போட்டுப் பரணில் ஏறினேன்.

பை அப்படியே இருந்தது. கறுப்பு நைலான், பதினோரு ஜிப். திறந்ததும் ஒரு வாசனை வந்தது பாருங்கள்! பழைய ரப்பர், பூசணம், அதோடு சந்தனம். கேமரா பையில் சந்தன வாசனை எப்படி வந்தது என்று நிவேதா கேட்டாள். அதைச் சொல்ல வேண்டுமானால் இருபது வருடம் பின்னால் போக வேண்டும். உங்களுக்கும் அவசரம் இல்லையே?

அப்போது நானும் முரளியும் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு சின்னப் பட்டறையில் வேலை பார்த்தோம். அவன் லேத்தில் கடைவான், நான் அவன் கடைந்ததை அளந்து பார்த்துத் தப்பு சொல்வேன். இந்த உறவில் நட்பு வளர்ந்ததே பெரிய அதிசயம். இரண்டு பேர் வீடும் அப்போது திருவேற்காட்டுப் பக்கம். அஞ்சலையம்மா சின்ன வயதில் அங்கே அடுத்தவர் கழனியில் நாற்று நட்டவர். கழனியெல்லாம் மனையான பிறகு, அதே எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் கூட்டிப் பெருக்கும் வேலைக்கு வந்தார். மூன்று பேரும் ஒரே ஷேர் ஆட்டோவில் போவோம். இறங்கும்போது அஞ்சலையம்மா என் சட்டைக் காலரைச் சரி செய்துவிட்டுத்தான் போவார். நான் பெரிய ஆபீசர் என்று அவருக்கு ஒரு நினைப்பு இருந்தது. அதை நான் கடைசிவரை கலைக்கவில்லை.

கேமரா வாங்க வேண்டும் என்ற ஆசை முரளிக்கு வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அவன் அப்பா இறந்தபோது வீட்டில் மாட்ட ஒரு நல்ல படம் இல்லை. யாரோ ஒருவர் கல்யாண குரூப் போட்டோவிலிருந்து அவரை மட்டும் வெட்டிப் பெரிதாக்கி மாலை போட்டார்கள். வெட்டியதில் பக்கத்திலிருந்தவரின் கை மட்டும் அவர் தோளிலேயே தங்கிவிட்டது. மோதிரம் போட்ட கை. அது யாருடையது என்று யாருக்கும் தெரியாது. வருடா வருடம் அந்தக் கைக்கும் சேர்த்துத்தான் படையல்.

"எங்கப்பா தோள்ல எவனோ கை போட்டுகினு கீறான் மச்சான். பாக்கறப்பல்லாம் கடுப்பாவுது. இனிமே எங்கூட்ல எவனுக்கும் இந்த கதி வரக் கூடாது" என்றான். அந்தத் தீபாவளிக்கு அவன் போனஸும் என் போனஸும் ஒரு கேமரா ஆகின.

கேமராவை வாங்கினோமே தவிர, அதற்கு வேறு என்னென்ன வேண்டும் என்று எங்களுக்குச் சொல்ல ஆள் இல்லை. கடைக்காரர் எதைக் காட்டினாலும் தலையாட்டினோம். முதலில் வாங்கியது இந்தப் பை. இரண்டு லென்ஸ், மூன்று கேமரா, ஒரு ஆள் படுக்கிற அளவுக்கு இடம். எங்களிடம் இருந்ததோ ஒரு கேமரா, ஒரு லென்ஸ். மீதி இடத்தில் முரளியின் சாப்பாட்டு டப்பா போகும். எங்கள் முதல் ஆறு மாதப் படங்களில் ஒரு புளிக்குழம்புக் களை இருந்தது என்றால் அதற்குக் காரணம் அதுதான்.

அடுத்தது டிரைபாட். கடையிலேயே ஆகக் கனம் குறைந்ததைப் பார்த்து வாங்கினோம். தூக்க வசதியாக இருக்குமே என்ற புத்திசாலித்தனம். பக்கத்துத் தெருவில் லாரி போனால் அது நடுங்கும். பிறகு அதன் நடுவில் தண்ணி பாட்டிலைக் கட்டித் தொங்கவிட்டுத்தான் ஒரு நிலைக்குக் கொண்டுவந்தோம்.

லென்ஸ் ஹூட் கதை இதைவிட அவமானம். லென்ஸில் வெயில் நேராக அடிக்காமல் இருக்க முன்னால் மாட்டுகிற பிளாஸ்டிக் மறைப்பு அது. பெட்டியில் அடைக்க வசதியாக அதைத் திருப்பி மாட்டிக் கொடுத்திருந்தார்கள். நாங்கள் அதுதான் முறை என்று நினைத்து, பின்பக்கம் பார்த்தபடியே வைத்துக்கொண்டு ஊரெல்லாம் சுற்றினோம். செம்பரம்பாக்கம் ஏரிக்குக் கொக்கு எடுக்கப் போன இடத்தில், பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு நின்றிருந்த ஒருவர் அருகில் வந்து, ஒன்றும் சொல்லாமல் அதைக் கழற்றித் திருப்பி மாட்டிவிட்டு நடந்து போய்விட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. அன்றைக்கு முழுக்க முரளி கொக்கைப் பார்க்காமல் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

யு.வி. ஃபில்டர் மட்டும் நாங்கள் கேட்காமலே வந்தது. லென்ஸின் மேல் திருகி மாட்டுகிற வெறும் கண்ணாடி வளையம். "கீறல் விழாம காப்பாத்தும், வச்சிக்கோ" என்று கடைக்காரர் சும்மாவே போட்டார். சும்மா கிடைத்ததால் நாங்கள் அதை மதிக்கவில்லை. ரிஃப்ளெக்டரையும் காட்டினார். வெளிச்சத்தை முகத்தின் மேல் திருப்பிவிடுகிற வெள்ளித் துணி. சுருட்டினால் தோசை அளவு, விட்டால் முறம் போல விரியும். "துணிய விரிச்சிப் புடிக்கறதுக்கு எதுக்குண்ணா கடையில வாங்கணும்?" என்று முரளி எழுந்துவிட்டான். அன்றைக்கு அவன் விளையாட்டாகச் சொன்னதுதான் பிறகு எங்கள் தொழிலாகவே ஆனது.

இனி செல்விக்கு வருகிறேன். நண்பனின் தங்கை, போட்டோ என்றதுமே நீங்கள் ஒரு காதல் கதையை எதிர்பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்தால் நான் பொறுப்பல்ல. செல்வி ஓர் ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தாள். ஒரு சட்டையில் ஒரு தையல் பிசகினால் தூக்கிப் போடுகிறவள். என் மாதிரி ஆளை அவள் முதல் பார்வையிலேயே ரிஜெக்ட் பண்ணியிருப்பாள். எனக்கு அவளிடம் இருந்ததெல்லாம் பயம்தான்.

செல்வி நல்ல கறுப்பு. அந்தக் கறுப்பில் ஒரு மினுமினுப்பு இருக்கும். அவளுக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்தபோது, மாப்பிள்ளை வீட்டுக்குக் கொடுக்கிற போட்டோ என்றால் ஸ்டுடியோவில்தான் எடுக்க வேண்டும் என்று பூந்தமல்லியில் ஒரு கடைக்கு அழைத்துப் போனார்கள். எங்கள் கேமரா கொக்குக்கு மட்டும்தான் லாயக்கு என்று வீட்டில் முடிவு செய்திருந்தார்கள். தப்பு சொல்ல முடியாது. ஸ்டுடியோக்காரர் படம் எடுத்து, கம்ப்யூட்டரில் அவள் முகத்துக்குச் சுண்ணாம்பு அடித்துக் கொடுத்தார். கேட்காமலே செய்தார். அப்போது எல்லாக் கடையிலும் அதுதான் வழக்கம். பெண் போட்டோ என்றால் வெள்ளை ஏற்றித்தான் தருவார்கள், பால்காரர் கேட்காமலே தண்ணி ஊற்றுவதுபோல.

அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு ஒரு வீட்டார் வந்தார்கள். நானும் நாற்காலி எடுத்துப் போடப் போயிருந்தேன். செல்வி காபித் தட்டோடு வந்து நின்றாள். மாப்பிள்ளையின் பெரியம்மா கையிலிருந்த போட்டோவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடியும் போட்டோவைப் பார்த்தார்.

"போட்டோல கீறது யாரும்மா? உங்க அக்காவா?"

செல்வி எல்லோருக்கும் காபியைக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போனாள். அந்தப் பெரியம்மா கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, அதுதான் இன்னும் வலித்தது. அவர்கள் போனதும் செல்வி படத்தை நாலாகக் கிழித்து அடுப்பாண்டை போட்டாள். அழவில்லை. முரளி பக்கம் திரும்பினாள்.

"இனிமே எவனா என்னைப் பாக்க வரணும்னா, என் கலர்ல கீற போட்டோவப் பாத்துட்டு வரட்டும். இல்லாட்டி வரவே வேணாம். யண்ணா, உன் கேமராவ எடு. நீ எடுக்கற. எடுத்தத அப்டியே குடுக்கற."

அது ஆயுத பூஜைக்கு முந்தின வாரம். விஜயதசமிக்கு மறுநாள் தரகர் வந்து புதுப் படம் வாங்கிப் போவதாக ஏற்பாடு. விஜயதசமி காலையில் முதல் படமாகச் செல்வியை எடுத்தால் அமோகமாக இருக்கும் என்று அஞ்சலையம்மா நேரமே குறித்துவிட்டார். முரளியும் நானும் அந்த வாரம் முழுக்க லேத்தாண்டை நின்று வெளிச்சம், கோணம் என்று பேசிப் பேசி, இரண்டு நாள் அளவு தப்பாகப் போய் முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டோம். அந்தப் பெரியம்மாவின் கேள்வியை செல்வி இன்னொரு முறை கேட்கக் கூடாது. எங்கள் கவலை அவ்வளவுதான்.

ஆயுத பூஜை அன்று மாலை பொரி சுண்டலுக்குப் போனேன். சாமி படத்துக்கு முன்னால் வீட்டிலிருந்த ஆயுதமெல்லாம் வரிசையாக இருந்தது. அஞ்சலையம்மா கழனிக்குப் போன காலத்து அரிவாள், அருவாமணை, கம்பெனியில் கொடுத்த விளக்குமாறு, செல்வியின் நூல் வெட்டுகிற கத்திரி, முரளியின் வெர்னியர் அளவுகோல், மிக்சி. நடுநாயகமாகக் கேமரா. பக்கத்தில் டிரைபாட், பை, ஹூட் என்று அதன் பரிவாரம். எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டு, அதன் நடுவே குங்குமம். கேமராவுக்கு எங்கே என்று தேடினேன்.

லென்ஸில். கண்ணாடியின் சரியான மையத்தில், ஒரு ரூபாய் அளவுக்கு, தண்ணியாகக் குழைத்த சந்தனம். அது வழிந்து வளையத்தின் இடுக்கெல்லாம் இறங்கியிருந்தது.

"அம்மா, கண்ணாடி மேல போய்..." என்றேன்.

"கண்ணுக்குத்தான நைனா பொட்டு வைக்கணும்? அதானே பாக்குது? உடம்புல வச்சி இன்னா பண்றது?" என்று கேட்டார்.

உடனே துடைத்துவிடலாம் என்று முரளி கையை நீட்டினான். அஞ்சலையம்மா அவன் கையைத் தட்டிவிட்டார். படையலில் வைத்த ஆயுதத்தை மறுநாள் காலை தீபம் காட்டாமல் தொடக் கூடாது. "அதுக்கும் ஒரு நாளு லீவு உடுடா. நாளைக்குக் காலைல எடுத்துக்கோ." நாங்கள் இரண்டு பேரும் பொரியைக் கொறித்துக்கொண்டு, சந்தனம் கண்ணெதிரே காய்வதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

மறுநாள் ஏழு மணிக்கே போய்விட்டேன். நல்லவேளை, சந்தனம் இருந்தது லென்ஸில் இல்லை, சும்மா வந்ததே அந்த ஃபில்டர், அதன் மேல். ஆனால் திருகிக் கழற்றினால் வரவில்லை. மரையெல்லாம் சந்தனமும் குங்குமமும் இறுகிக் கிடந்தது. லேத் பட்டறையில் வேலை செய்கிற இரண்டு பேர் ஒரு சின்ன வளையத்தைத் திருக முடியாமல் வியர்த்து நின்ற காட்சியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கடைசியில் ஊதி ஊதி, பனியன் துணியால் துடைத்தோம். பொட்டு போய்விட்டது. ஆனால் ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலம் மட்டும் எத்தனை துடைத்தாலும் போகவில்லை.

"மங்கலாத் தெரியுது மச்சான். வேணாம், தரகருகிட்ட அடுத்த வாரம்னு சொல்லிடலாம்" என்றான் முரளி.

செல்வி கரும்பச்சைப் புடவையில் வந்து நின்றாள். ஸ்டுடியோவில் இந்த நிறத்தைக் கட்டவே கூடாது என்று சொல்லியிருந்தார்களாம். அதற்காகவே கட்டியிருந்தாள். "எடுண்ணா" என்றாள். அவள் அப்படிச் சொன்னால் மறுபேச்சு கிடையாது.

வீட்டுக்குப் பின்னால் முருங்கை மரத்தாண்டை நிற்க வைத்தோம். வெயில் ஒரு பக்கமாக வந்ததால் பாதி முகம் பளிச், பாதி முகம் இருட்டு. அப்போதுதான் அந்த வெள்ளித் துணியின் அருமை புரிந்தது. முரளி என்னைப் பார்க்க, நான் அவனைப் பார்க்க, அஞ்சலையம்மா விஷயத்தைக் கேட்டுக்கொண்டு உள்ளே போனார். டிரங்குப் பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது. வரும்போது கையில் அவர் வீட்டுக்காரரின் எட்டு முழ வேட்டி. ஒருமுறைகூடக் கட்டாமல் எடுத்து வைத்திருந்தது.

அதை இரண்டாக மடித்து, தன் மோவாய்க்குக் கீழே இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தார்.

"இப்டியா? இன்னும் மேலயா?"

"கொஞ்சம் சாச்சிப் புடிம்மா."

வேட்டியில் விழுந்த வெயில் செல்வியின் இருட்டுப் பக்கத்தில் ஏறியது. ஒரு வருடமாக நாங்கள் வாங்கிக் குவித்த எதுவும் செய்யாத வேலையை அது செய்தது. அஞ்சலையம்மா நாக்கைக் கடித்துக்கொண்டு, மூச்சுகூட விடாமல், ஏதோ அணையைத் தாங்கிப் பிடிக்கிற மாதிரி நின்றார். அதைப் பார்த்து செல்விக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் கேமராவைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். முரளி அழுத்திவிட்டான்.

பிரிண்ட் போட அம்பத்தூர் ஓ.டி.யில் ஒரு லேபுக்குப் போனோம். கம்ப்யூட்டர் முன்னால் இருந்தவர் படத்தைத் திறந்ததும் எங்கே கையை வைத்தார் என்றா நினைக்கிறீர்கள்? வெள்ளையில்தான்.

"வெள்ள ஏத்த வேணாம்ணா" என்றான் முரளி.

"கொஞ்சமா ஏத்தறேன்பா."

"வேணாம்ணா. அப்டியே போடு."

"அப்புறம் கறுப்பா கீதுன்னு எங்கிட்ட வரக் கூடாது."

படம் வந்தது. நாங்கள் இரண்டு பேரும் வாசலில் நின்று பார்த்தோம். அந்தச் சந்தனப் படலம் வெளிச்சத்தை லேசாகக் கரைத்துவிட்டிருந்தது. கரும்பச்சைப் புடவை, அவளுடைய அதே கறுப்பு, அதே மினுமினுப்பு, கண்ணில் அந்தச் சிரிப்பு. லேப்காரரே எழுந்து வந்து, "இன்னா ஃபில்டர்பா போட்டீங்க?" என்று கேட்டார். அம்மா வைத்த பொட்டு என்று சொன்னால் நம்பவா போகிறார்?

அதைப் பார்த்துவிட்டு வந்தவர்தான் சேகர், நிவேதாவின் அப்பா. கூட வந்த அத்தை போட்டோவைப் பார்த்தார், செல்வியைப் பார்த்தார். நான் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"போட்டோல கீற மாரியே கீது பொண்ணு" என்றார்.

அவ்வளவுதான். காபித் தட்டை எடுத்துக்கொண்டு திரும்பிய செல்வியின் முகத்தை நான் பார்த்தேன். அந்த முகத்தையும் ஒரு படம் எடுத்திருக்கலாம்.

அந்த மெமரி கார்டை அதற்குப் பிறகு அஞ்சலையம்மா எங்களைத் தொடவிடவில்லை. முதன்முதலில் நல்லது நடந்த கார்டு, அதை அழித்து வேறு எடுக்கக் கூடாது என்று மஞ்சள் துணியில் முடிந்து பைக்குள் போட்டுவிட்டார். உபரி மெமரி கார்டு என்று நிவேதாவின் பட்டியலில் இருக்கிறதல்லவா, எங்களுக்கு அது இந்த வழியில்தான் அவசியமானது. அடுத்த மாதமே புது கார்டு வாங்கினோம்.

ஏனென்றால் ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். திருவேற்காடு, அயனம்பாக்கம் பக்கத்தில் கல்யாணத்துக்கு நிற்கிற பெண்களின் அம்மாக்கள், "செல்விக்கு எடுத்த மாரி எடுக்கணும்" என்று கேட்டு வந்தார்கள். மூன்று நாலு வருடம் எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் அப்படிப் போயின. முரளி படம் எடுப்பான், நான் தண்ணி பாட்டிலைக் கட்டி டிரைபாடைப் பிடிப்பேன், அஞ்சலையம்மா வேட்டியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கூடவே வருவார். அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஏதாவது பேசுவார், அந்தப் பெண்கள் சிரித்துவிடுவார்கள். கறுப்பாக இருந்த பெண்களிடம் மட்டும், "என் பொண்ணு உன்னவிடக் கறுப்பு, தெரியுமா?" என்று பெருமையாகச் சொல்லுவார். எத்தனை பேர் முகத்தில் அந்த வேட்டி வெளிச்சம் போட்டிருக்கும் என்று நான் கணக்கு வைக்கவில்லை.

ஒரு முறை நான் கேமராவை அவர் பக்கம் திருப்பினேன். "அய்ய, சீலகூட மாத்தல, போ நைனா" என்று வேட்டியால் முகத்தை மறைத்துக்கொண்டார். சரி, அப்புறம் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். முரளியும் அப்படித்தான் விட்டிருப்பான். அவர் எப்போதும் கூடவே இருந்தாரே, எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்றுதான் நினைத்தோம். பதினோரு ஜிப் பையை நிறைத்து வைத்திருந்த எங்களுக்கு இது மட்டும் தோன்றவில்லை. நினைத்தால் இன்றைக்கும் என் மேலேயே கோபம் வருகிறது.

போன ஆடியில் அவர் போனபோது வீட்டில் மாட்ட வாக்காளர் அட்டைப் படம்தான் கிடைத்தது. அதைப் பெரிதாக்கக் கொடுத்தார்கள். கடைக்காரர் கேட்காமலே வெள்ளை ஏற்றிக் கொடுத்துவிட்டார். பதினாறாம் நாள் மாலை போட்டு வைத்திருந்த படத்தின் முன்னால் வந்து செல்வி நின்றாள். "இது யாரு?" என்றாள். "எங்கம்மா இந்தக் கலரு இல்ல." அதற்குப் பிறகு அந்தச் சுவரின் பக்கம் அவள் பார்ப்பதே இல்லை என்று முரளி சொன்னான். அவன் அப்பா படமும் அதே சுவரில்தான் இருக்கிறது, மோதிரக் கையோடு.

அந்த முருங்கை மரம் இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி. எங்கள் பட்டறை எஸ்டேட்டில் இருந்ததற்கான அடையாளம் இல்லை. கண்ணாடிக் கட்டடம் நிற்கிறது, வாசலில் அடையாள அட்டை கேட்கிறார்கள். போனிலேயே முகத்துக்கு வெள்ளை ஏற்றிக்கொள்ளும் வசதி வந்த பிறகு எங்களைத் தேடி ஆள் வருவது நின்றது. கேமராவும் ஒரு மழைக்காலத்தில் பூசணம் பிடித்துச் செத்தது. வேட்டியை அஞ்சலையம்மாவோடேயே அனுப்பிவிட்டார்கள். கடைசியாக அவர்மேல் போர்த்தியது அதைத்தான்.

இதையெல்லாம் பாதி சொல்லியும் பாதி விழுங்கியும் முடித்தபோது, நிவேதா பையின் ஒவ்வொரு ஜிப்பையும் திறந்து பார்த்துவிட்டிருந்தாள். பழைய லென்ஸோடு இன்னும் இறுகிக் கிடந்த ஃபில்டரை முகர்ந்து பார்த்தாள். அதன் மரையில் சந்தனம் இன்னும் மஞ்சளாக இருந்தது. கடைசி ஜிப்பில் அந்த முடிச்சு கிடைத்தது. அவிழ்த்து, என் பையனின் லேப்டாப்பில் கார்டைச் செருகினாள். இத்தனை வருடம் கழித்து அது திறக்கும் என்று நான் நம்பவில்லை.

திறந்தது. முருங்கை மரம், கரும்பச்சைப் புடவை, அம்மாவின் இருபது வருடத்துக்கு முந்தைய முகம். நிவேதா லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு படத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனாள். இந்தக் காலத்துப் பிள்ளைகள் எதையும் பெரிதாக்கித்தான் பார்க்கிறார்கள்.

"மாமா, அம்மா கண்ணுல இன்னா இது, வெள்ளையா?"

"வேட்டி" என்றேன்.

இன்னும் பெரிதாக்கினாள். செல்வியின் கருவிழிக்குள் கோணலாக ஒரு வெள்ளைத் துண்டு. அதன் இரண்டு ஓரத்திலும் விரிந்த கைகள். மேலே, சீரகம் அளவுக்கு, கறுத்த ஒரு தலை.

நிவேதா அதை அப்படியே தன் அம்மாவுக்கு அனுப்பிவிட்டுப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் வைத்தாள். அந்தப் பக்கம் குக்கர் விசில் ஒன்று அடித்து அடங்கியது.

"மூஞ்சி தெரிலம்மா. சும்மா நெழலு மாரிதான் கீது" என்றாள் நிவேதா, மன்னிப்புக் கேட்கிற குரலில்.

"கைய அப்டித்தான் புட்ச்சிகினு நின்னுச்சு" என்றாள் செல்வி. பிறகு, "எங்கம்மா கலருதான் அது" என்றாள்.

அப்புறம் என்னிடம் சொன்னாள்:

"யண்ணா, அத்தப் பெருசா ஒரு பிரிண்ட்டு போட்டுக் குடு. அந்த ஓ.டி. லேப்லயே போடு. வெள்ள ஏத்த வேணாம்னு சொல்லு."

சரி செல்வி என்றேன். அந்த லேப் போய்ப் பல வருடம் ஆகிறது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.